எங்கிருந்து வருகிறது ஓவியம்?

(மூன்றாமாண்டு, பி.ஏ. தமிழ் இலக்கியம்)

சென்ற ஆண்டு நம் கல்லூரித் தமிழ் மன்றத்தில் பேசுமாறு எனக்கு ஒரு தலைப்புத் தந்தார்கள். ‘தற்கால ஓவியர்களும் அவர்தம் உள்ளத் தூண்டலும்’ என்பது அத்தலைப்பு. கேட்டவுடன் என் மனம் துள்ளியது. ஓவியத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று ஒரு கணமும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வேறு தலைப்புக் கேட்டிருப்பேன்.

அன்றிரவே எழுதுகோலை எடுத்து நான்கு பக்கங்கள் எழுதி முடித்தேன். ‘கலைஞனின் உள்ளம் கார்முகில், அதில் தோன்றும் தூண்டல் மின்னல், அஃது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதை யாரே அறிவர்!’ என்று தொடங்கியது என் கட்டுரை. தொடர்ந்து கடலலை வந்தது, கானக்குயில் வந்தது, முழுநிலாவும் தவறாமல் வந்தது. ஓவியர்கள் மட்டும் வரவில்லை.

எங்கள் பேராசிரியர் அதைப் பொறுமையாகப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “மின்னல் சரி, அம்மா. இடி எந்த ஊரில் விழுந்தது?” என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவரோ சிரிக்கவில்லை. “ஓர் ஓவியரை எடுத்துக்கொள். அவர் கண்ணால் கண்ட ஒரு பொருளைச் சொல். அந்தப் பொருள் எப்படிப் படத்துக்குள் நுழைந்தது என்று சொல். அதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம்” என்று தாள்களைத் திருப்பித் தந்தார்.

இந்த இடத்தில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். என் தந்தையார் ஓர் ஓவியர். இப்படி எழுத இப்போது என் கை கூசவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் கூசியது. சங்கரன்கோவில் ரதவீதிகளிலும் கடைத்தெருவிலும் ஒரு காலத்தில் தொங்கிய தகரப் பலகைகளில் பலவும் அவர் கையால் எழுதப்பட்டவை. பலசரக்குக் கடை, பாத்திரக் கடை, பூக்கடை, சைக்கிள் கடை, லாரியின் பின்புறம், ஆடித்தபசுக்கு வைக்கும் வரவேற்புத் தட்டி எல்லாம் அவர் எழுதுவார். தகரத்துக்குச் சிவப்பு பிரைமர் அடித்துக் காயவிட்டு, சாக்குப்பொடி தோய்த்த நூலை இழுத்துப் பிடித்துச் ‘சட்’டென்று தட்டிக் கோடு போடுவார். பிறகு ஒரு கம்பின்மேல் மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டு எழுதத் தொடங்கினால், எழுத்துகள் அச்சில் வார்த்தவை போல வரிசையாக வந்து நிற்கும்.

நான் பிறந்து சில ஆண்டுகளுக்குள் ஃபிளக்ஸ் பலகைகள் வந்துவிட்டன. இரண்டு நாள் வேலையை இயந்திரம் பத்து நிமிடத்தில் துப்பியது. அப்பாவின் தூரிகைகள் மண்ணெண்ணெய் டப்பாவுக்குள்ளேயே விறைத்துப்போயின. பின்னர் அவர் வீடுகளுக்கு டிஸ்டெம்பர் அடிக்கப் போனார். மழைக்காலத்தில் விசைத்தறிக்குப் போனார். இன்றும் அப்படித்தான்.

இக்கல்லூரியில் சேர்ந்த அன்று, சேர்க்கைப் படிவத்தில் ‘தந்தையின் தொழில்’ என்று ஒரு கட்டம் இருந்தது. நான் ‘கூலி’ என்று எழுதினேன். பொய்யில்லை. ஆனால் என்னுடன் நின்றிருந்த மாணவியின் தந்தை ஆசிரியர். அவள் முன்னால் ‘பெயிண்டர்’ என்று எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. கூலி என்றால் பலரோடு பலராகப் போய்விடும் என்று நினைத்தேன். அப்பா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். “சின்னக் கட்டந்தானே, அது போதும்” என்றார். அவ்வளவுதான்.

இனி ஓவியர்களுக்கு வருவோம். பேராசிரியர் சொன்னபடி நூலகத்தில் உட்கார்ந்தேன். முதலில் என் கண்ணில் பட்டவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர், சென்னை ஓவியக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர், 1977-இல் மறைந்தவர். ‘சொற்களும் குறிகளும்’ என்று பொருள்படும் தலைப்பில் 1963 முதல் ஒரு பெரும் வரிசையாகப் படங்கள் தீட்டினார். பார்த்தால் பழைய ஜாதகக் கட்டம் போல இருக்கும். எழுத்துகள் போலச் சில கிறுக்கல்கள், எண்கள், வட்டங்கள், மீன், பாம்பு எல்லாம் கலந்து கிடக்கும். படிக்க முயன்றால் ஒரு சொல்லும் அகப்படாது. இதற்குத் தூண்டல் எது என்கிறீர்கள்? இமயமலையா? அஜந்தாவா? இல்லை, நண்பர்களே! ஒரு மாணவனின் கணக்கு நோட்டு! அதில் ஒரு பக்கம் முழுக்க எண்களும், அயல்மொழி எழுத்துகளும், வடிவகணிதக் கோடுகளும் நிறைந்திருந்தனவாம். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தமக்கு ஒரு புதிய மொழி கிடைத்தது என்று பணிக்கரே சொல்லியிருக்கிறார். நம்முடைய நோட்டுகளிலும் அப்படிப் பக்கங்கள் உண்டு. நமக்கு அவை மதிப்பெண்ணைக்கூடத் தருவதில்லை!

பணிக்கரைப் பற்றிப் படித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. 1966-இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் அவரும் அவர் மாணவர்களும் சேர்ந்து சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். நிலம் வாங்கப் பணம்? படங்களை யார் வாங்குவார்கள், அந்தக் காலத்தில்? துணியில் மெழுகு பூசிச் சாயம் தோய்க்கும் பாத்திக் வேலையும் மற்றக் கைவினைப் பொருள்களும் செய்து விற்றுப் பணம் சேர்த்தார்கள். ஒரு பொழுது வயிற்றுக்கு, ஒரு பொழுது படத்துக்கு. இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு ஏனோ வீட்டின் மண்ணெண்ணெய் டப்பா நினைவுக்கு வந்தது; பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

அடுத்தவர் கே.எம். ஆதிமூலம். துறையூர்ப் பக்கத்துக் கீராம்பூரில் 1938-இல் பிறந்தவர். காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-இல் அடிகளை நூறு கோட்டோவியங்களாக வரைந்து பெயர் பெற்றவர். கறுப்பு மை, வெள்ளைத் தாள். வேறு ஒன்றும் இல்லை. அவர் கோடு கம்பி போல நேராக ஓடாது. வேர் போல முறுக்கிக்கொண்டு, பிரிந்து, மீண்டும் சேர்ந்து ஓடும். 2008-இல் மறையும்வரை வண்ணங்களிலும் பெரும் படங்கள் தீட்டினார். எனினும் அந்தக் கோடுதான் அவர் என்பது என் எண்ணம். நம் பக்கத்துக் கோவில்பட்டியை அடுத்த இடைசெவல்காரரான கி. ராஜநாராயணன் ‘ஜூனியர் விகட’னில் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ எழுதியபோது, அதற்குப் படம் வரைந்தவரும் ஆதிமூலமே. வெடித்துக் கிடக்கும் கரிசல் மண்ணையும், அதில் உழுதவன் முகத்தையும் ஒரே வகைக் கோட்டால் போட்டிருப்பார். எது நிலம், எது நெற்றிச் சுருக்கம் என்று பிரிக்க முடியாது.

இந்தப் படங்களைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா வேலை முடிந்து வந்தார். தலையெல்லாம் சுண்ணாம்பு. எட்டிப் பார்த்தவர், “இது ஆதிமூலம்லா?” என்றார்.

எனக்கு வியப்பு. “உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?”

அவர் பதில் சொல்லாமல் உள்ளே போய்ப் பரணிலிருந்து ஒரு பழைய கணக்கு நோட்டை எடுத்து வந்தார். அட்டை செல்லரித்திருந்தது. உள்ளே வார இதழ்களிலிருந்து கத்தரித்து ஒட்டிய படங்கள். முடிதிருத்தும் கடையில் பழைய இதழ்களைக் கேட்டு வாங்கிக் கத்தரித்தாராம். அதில் ஆதிமூலம் வரைந்த கரிசல்காட்டு முகங்கள் ஏழெட்டு இருந்தன. பத்திரிகைகளுக்கும் நூல்களுக்கும் அவர் எழுதிய தலைப்பெழுத்துகளும் சில இருந்தன. “படத்தை விடு. இந்த எழுத்தைப் பாரு. ‘ழ’னா திரும்புற இடத்துல பிரஷை அழுத்தாம விட்டிருக்காரு பாத்தியா? எழுத்து மூச்சு விடுதுல்லா. நானும் ஒரு வளையல் கடைக்கு இப்படி எழுதிப் பாத்தேன். கடைக்காரர் ஒத்துக்கிடல. ‘என்னப்பா, எழுத்து ஆடுது’ன்னுட்டாரு” என்றார்.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். நான் இரண்டு வாரம் நூலகத்தில் தேடியது எங்கள் வீட்டுப் பரணில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இருந்திருக்கிறது.

அந்த நோட்டின் முதல் பக்கங்களில் காலண்டர்ப் படங்கள் இருந்தன. மீனாட்சி திருக்கல்யாணம், முருகன், இலக்குமி. படத்தின் மூலையில் இருந்த கையெழுத்தை அப்பா விரலால் தொட்டுக் காட்டினார்: சி. கொண்டையராஜு. சங்கரன்கோவிலிலிருந்து கழுகுமலை வழியாகப் பேருந்து ஏறினால் கோவில்பட்டி. அங்கே வாழ்ந்த மனிதர் அவர். ‘தற்கால ஓவியர்’ வரிசையில் அவரைச் சேர்க்கலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். அவர் 1976-இல் மறைந்தார். எங்கள் தெருவில் அவர் படமோ, அவர் வழிவந்த படமோ இல்லாத வீடு ஒன்று இருந்தால் அப்போது அந்தக் கேள்வியைக் கேட்கட்டும்.

1898-இல் பிறந்த கொண்டையராஜு சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றார். திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் தங்கினார். ரமணரைப் படமாகத் தீட்டினார். பின்னர் ஒரு நாடகக் குழுவில் திரைச்சீலை எழுதுபவராகச் சேர்ந்து ஊர் ஊராகப் போனார். 1940-களில் அந்தக் குழு கோவில்பட்டிக்கு வந்து கலைந்துபோயிற்று. போக வேறு இடமில்லை, அங்கேயே தங்கிவிட்டார். பக்கத்தில் சிவகாசி. அங்கே அச்சு இயந்திரங்கள் பெருகிய காலம் அது. காலண்டருக்குச் சாமி படம் வேண்டும் என்று அச்சகத்தார் அவரைத் தேடி வந்தார்கள். அவரும் டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம் முதலிய மாணவர்களும் வரைந்த படங்கள் இலட்சக்கணக்கில் அச்சாகி, நாடெங்கும் சுவர்களில் ஏறின.

சரி, அவர் கண்ணால் கண்ட பொருள் எது? நானே கண்டுபிடித்ததாகச் சற்றுப் பெருமையோடு சொல்கிறேன். அவருடைய தெய்வங்களுக்குப் பின்னால் பாருங்கள். தூண்கள் இருபுறமும் நிற்கும், ஒரு வளைவு, அதற்கப்பால் சோலை, ஓர் ஆறு, நீல மலை. தெய்வம் நம்மை நேர்முகமாகப் பார்த்து நிற்கும், விளக்கு வெளிச்சம் முகத்தில் விழும். இது கோயில் கருவறை அன்று, நாடக மேடை! கலைந்துபோன குழுவின் திரைச்சீலையை அவர் தம் தலைக்குள் சுருட்டி எடுத்து வந்திருக்கிறார். நம் பாட்டிமார் கற்பூரம் காட்டியது ஓர் அரங்கத்தின் முன்னால். இதை அப்பாவிடம் சொன்னேன். சிறிது நேரம் படத்தையே பார்த்துவிட்டு, “ஆமா. நான் கட்டம் போட்டு இந்தப் படத்தை நூறு தடவைக்கு மேல பெருசு பண்ணியிருக்கேன். எனக்குத் தோணல பாரு” என்றார். அவர் குரலில் ஒரு மகிழ்ச்சி இருந்தது.

ஆதிமூலமும் கொண்டையராஜுவும் ஒரே நோட்டில் ஒட்டப்பட்டிருந்ததைக் கண்டு நம் பேராசிரியர் பிற்பாடு வெகுவாக ரசித்தார். நூல்களில் இவ்விருவரையும் ஒரே அத்தியாயத்தில் நான் பார்க்கவில்லை.

இளையராஜாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இசைஞானியை அல்ல, ஓவியரை. கும்பகோணத்தை அடுத்த சிற்றூரில் பிறந்து, கும்பகோணத்திலும் சென்னையிலும் ஓவியம் பயின்றவர். 2021-இல் கொரோனா அவரைக் கொண்டுபோயிற்று. வயது நாற்பதைச் சற்றே தாண்டியிருந்தது. அவர் வரைந்த பெண்கள் நம் வீட்டுப் பெண்கள். கறுத்த நிறம், எண்ணெய் வைத்த தலை, சாயம் போன பாவாடை, சன்னல் வழியே வந்து கன்னத்தில் விழும் வெயில். ஒளிப்படமோ என்று மயங்கும்படி எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். சிலர் அவரை ‘வெறும் நகல்’ என்று தள்ளுகிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை. எங்கள் வீட்டு அடுப்படியில் அப்படி ஒரு வெயில் விழுகிறது என்பதை இருபது வயதுவரை நான் பார்த்ததில்லை. அவர் படத்தைப் பார்த்த மறுநாள்தான் பார்த்தேன்.

இவ்வளவும் சேர்ந்தபின் உலக ஓவியர் ஒருவரேனும் இருந்தால் பேச்சுக்கு எடுப்பாக இருக்குமே என்று ஆசை வந்தது. நூலகத்தில் இருந்த ஒரு தடித்த புத்தகத்தில் இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோவின் கதை கிடைத்தது. 1602-ஆம் ஆண்டு. ரோமாபுரியில் ஒரு தேவாலயத்துக்குப் புனித மத்தேயு நற்செய்தி எழுதும் காட்சியை வரைந்து தரச் சொன்னார்கள். அவர் மத்தேயுவை ஒரு வயதான உழைப்பாளியாக வரைந்தார். எழுதப் பழகாத முரட்டுக் கை. அதைப் பிடித்து ஒரு தேவதூதன் எழுத்துக் கூட்டிக் கொடுக்கிறான். கால்மேல் கால் போட்டிருக்கும் மத்தேயுவின் வெறும் பாதம் பார்ப்பவர் முகத்துக்கு நேரே நீண்டிருக்கிறது. புனிதருக்கு இப்படி ஒரு காலா என்று அந்தப் படத்தை ஏற்க மறுத்துவிட்டார்கள் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அவர் வேறொரு படம் வரைந்து கொடுத்தார். அதுதான் இன்றும் அந்த ஆலயத்தில் இருக்கிறது. முதல் படம் பின்னாளில் பெர்லின் நகருக்குப் போய், 1945-இல் போரில் அழிந்தது. கறுப்பு வெள்ளை ஒளிப்படம் மட்டுமே மிச்சம்.

இதை அன்றிரவு சாப்பிடும்போது சொன்னேன். அம்மா, “நல்லாத்தானே இருக்கு கால். அவங்களுக்கு என்ன நோவு?” என்றாள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைந்த கை நின்றது.

“எனக்கும் ஒருத்தர் அப்படிச் சொன்னாரு” என்றார்.

1996-ஆம் ஆண்டாம். ஆடித்தபசுக்கு முன்னால் ஒரு ஜவுளிக்கடைக்காரர் எட்டடிக்கு நாலடித் தகரத்தில் கோமதி அம்மன் படம் கேட்டாராம். வெளியூர் நண்பர்களுக்கு ஒரு சொல்: எங்கள் ஊரில் சங்கரலிங்கர், சங்கரநாராயணர், கோமதி அம்மன் என்று மூன்று சன்னதிகள். அரியும் சிவனும் ஒன்றாக நிற்கும் கோலத்தைக் காண அம்மை இங்கே தவம் செய்தாள் என்பது தலபுராணம். அந்தத் தவத்தின் திருவிழாவே ஆடித்தபசு. ஒற்றைக் காலில் நிற்கும் தவம். ஆகவே அந்தப் படத்தில் கால்தான் முக்கியம்.

“மத்த எல்லாத்தையும் காலண்டரைப் பாத்து வரைஞ்சிட்டேன். முகம், நகை, மயிலு எல்லாம். காலு மட்டும் ஓடல. காலண்டர்ல இருக்க காலு நின்ன காலு மாதிரியே இல்ல. பூ மாதிரி இருக்கு. மாசக்கணக்கா ஒத்தக் கால்ல நின்னவ காலு அப்படியா இருக்கும்? ரெண்டு நாள் சும்மாவே உக்காந்திருந்தேன். அப்புறம் ஒங்க ஆச்சி காலை வரைஞ்சேன்.”

என் ஆச்சியை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது இறந்துபோனாள். தாத்தா இளவயதிலேயே காலமாகிவிட, வீட்டிலிருந்த குழித்தறியில் தானே உட்கார்ந்து நெய்து மூன்று பிள்ளைகளை வளர்த்தவள். குழித்தறியில் நெய்பவர் தரையில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டு, மிதிகளை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். காலையில் இறங்கிய கால் இருட்டும்போதுதான் வெளியே வரும். அப்பா சிறுபிள்ளையாக இருக்கையில் அந்தக் குழிக்குள் ஒரு மூலையில் உட்கார்ந்து விளையாடுவாராம். அவர் கண்ணுக்கு நேரே அம்மாவின் இரண்டு கால்கள். பெருவிரல் மற்ற விரல்களைவிட்டுத் தனியே விலகி, குதிகால் வெடித்து, புறங்காலில் நரம்பு நூலாக ஓடும் கால்கள். மேலே நூல் துணியாகிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது; கால்கள் மட்டும்தான் தெரியும்.

கடைக்காரர் பலகையைப் பார்க்க வந்தார். முகத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கீழே வந்ததும் அவர் முகம் மாறியது. “என்னப்பா இது? அம்மன் பாதம் தாமரை மாதிரி இருக்க வேண்டாமா? தறிக்காரி காலு மாதிரியில்லா இருக்கு” என்றாராம். உடனே மாற்றச் சொல்லி, மாற்றும்வரை பக்கத்திலேயே நின்றார். அப்பா ரோஸ் நிறம் கலந்து, அரை மணி நேரத்தில் அந்தக் காலின்மேல் ஒரு தாமரைக் காலை வரைந்தார். தாமதத்துக்கென்று கூலியில் ஐம்பது ரூபாய் பிடித்துக்கொண்டார் அந்தப் பெரிய மனிதர்.

“ஆச்சிக்குத் தெரியுமாப்பா?”

“எப்படித் தெரியும்? நான் சொல்லலியே. செவ்வாக்கெழமை கோயிலுக்குப் போறப்ப அந்தக் கடை முன்னால நின்னு கும்பிட்டுட்டுத்தான் போவா. ‘எம்மவன் எழுதுன அம்மன்’னு ரோட்டுல போறவங்கிட்டல்லாம் சொல்லுவா.”

அம்மா எழுந்து பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அந்தக் கடைக்கு ஃபிளக்ஸ் பலகை வந்தபோது பழைய தகரத்தை இரும்புக்கடைக்குப் போடப் பார்த்தார்களாம். சாமி படத்தை நசுக்குவதா என்று அப்பா கேட்டு வாங்கி, தள்ளுவண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார். பின்கட்டில், தறிக்குழியை மூடிய இடத்தில், சுவரைப் பார்த்தபடி அது சாய்ந்து நின்றது. நான் சிறுமியாக இருந்த நாள் முதல் அங்கேதான் நிற்கிறது. அதன் முதுகைத்தான் நான் பார்த்திருக்கிறேன். என் பள்ளிக்கூடப் பையை அதன் கம்பியில்தான் மாட்டுவேன்.

மறுநாள் ஞாயிறு. இருவரும் சேர்ந்து அதைத் திருப்பினோம். ஒட்டடையைத் துடைத்ததும் அம்மன் முகம் பளிச்சென்று வந்தது. காலண்டர் முகம், அழகான முகம். கூரை ஒழுகிய தண்ணீர் பல மழைக்காலங்களாகப் பலகையின் அடிப்பக்கத்தில் இறங்கியிருந்தது. அங்கே ரோஸ் நிறம் பொருக்குப் பொருக்காக எழும்பி, பாதிக்குமேல் உதிர்ந்துபோயிருந்தது. உதிர்ந்த இடத்தில், நண்பர்களே, ஆச்சியின் கால் இருந்தது. விலகிய பெருவிரல், நரம்பு, குதிகால் வெடிப்பு எல்லாம் இருந்தன. வெடிப்புக்குள் மஞ்சள் அப்பியிருந்ததைக்கூட அவர் தீட்டியிருந்தார்.

நான் அதைத் தொட்டேன். அடிப்பூச்சு கல்லாக இருந்தது. மேல்பூச்சு நகம் பட்டால் பெயர்ந்தது.

“ரெண்டும் ஒரே எனாமல்தானேப்பா? இது மட்டும் ஏன் உதிருது?”

“காஞ்ச எனாமல் மேல அப்படியே அடிச்சா பிடிக்காது. உப்புத்தாள் போட்டு நல்லாத் தேய்ச்சு, மினுமினுப்பை எடுத்துட்டுத்தான் அடிக்கணும். அன்னைக்குத் தேய்க்கல.”

“மறந்துட்டீங்களா? அவர் பக்கத்துல நின்னதாலயா?”

அப்பா தகரத்தின் மேல் விளிம்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் மறுபடியும் கேட்டேன். “ஏட்டி, தண்ணி எடுத்துட்டு வா” என்றார்.

மிச்சமிருக்கும் ரோஸ் நிறத்தையும் நாமே சுரண்டிவிடலாமா என்று கேட்டதற்கு மட்டும் பதில் வந்தது: “வேண்டாம். சுரண்டினா அடியிலயும் கீறல் விழும். அதுபாட்டுக்கு உதிரட்டும்.” பலகையை மீண்டும் சாய்த்து வைத்தோம், இம்முறை முகம் எங்களைப் பார்க்க.

தமிழ் மன்றத்தில் பேசினேன். பணிக்கரின் கணக்கு நோட்டுக்குக் கைதட்டல் கிடைத்தது. கொண்டையராஜுவின் நாடகத் திரைக்குக் கொஞ்சம் கிடைத்தது. ஆச்சியின் காலைப் பற்றி அன்று பேசவில்லை. பேச எண்ணித்தான் மேடை ஏறினேன்; தொண்டை அடைத்துக்கொண்டது. நேரம் முடிந்தது என்று சொல்லி இறங்கிவிட்டேன். பேராசிரியருக்கு மட்டும் பிறகு சொன்னேன். “அதை எழுதிக் கொடு, மலரில் போடுவோம்” என்றார். அதனால்தான் இது.

இந்த ஆண்டு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தபோது மறுபடியும் அந்தக் கட்டம் வந்தது: தந்தையின் தொழில். திண்ணையில் உட்கார்ந்து நிரப்பிக்கொண்டிருந்தேன். அப்பா பக்கத்தில் இருந்தார்.

“என்னன்னு போடப் போறே?” என்றார்.

“ஓவியர்.”

“சும்மா இரு. கூலின்னே போடு. ஓவியர்னு போட்டா பெரிய வருமானம்னு நெனச்சுப் பணத்தை நிறுத்திருவாங்க.”

வருமானச் சான்றிதழ் தனியாக இணைத்திருக்கிறது என்று சொல்லிப் புரியவைத்தேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. நான் பேனாவை எடுத்துக் கட்டத்துக்குள் நிதானமாக ‘ஓவியர்’ என்று எழுதினேன். அவர் குனிந்து, கண்ணைச் சுருக்கி, வெகுநேரம் பார்த்தார்.

“‘ய’னாவுக்கும் ‘ர்’ருக்கும் நடுவுல எடம் கூடிப்போச்சு” என்றார்.